பூச்சிமருந்து விற்கிறவன் எழுதுவது

பட்டுக்கோட்டைக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையில் ஒரு சின்ன ஊரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறோம். அப்பா காலத்துக் கடை. சரக்கில் பாதி ரொக்கத்துக்குப் போகும், பாதி நோட்டில் ஏறும். நெல் போட்ட பணமோ தேங்காய் வெட்டிய பணமோ கைக்கு வந்ததும் நோட்டில் கோடு அடிப்போம். அதனால் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார், யாருக்கு எங்கே கடன், யார் வீட்டுப் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் என்பதெல்லாம் கேட்காமலே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு விவசாயி மனசு உடைந்து போவது முதலில் தெரிகிற இடங்களில் உரக்கடையும் ஒன்று. மருத்துவர்கள் சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லட்டும். இந்தக் கல்லாவில் உட்கார்ந்து நான் பார்த்ததையும், நாங்கள் செய்து பலன் கண்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி எங்கள் பக்கமாகப் போனது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. நெல் போனால் ஒரு போகம்தான் போகும், அடுத்த தண்ணீருக்கு மறுபடி நாற்று விடலாம். தென்னையில் அந்த வழி கிடையாது. நெட்டை ரகம் வைத்தால் ஒழுங்காகக் காய்ப்புக்கு வர ஆறேழு வருடமாகும். அதுவரை ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு என்று வந்துகொண்டிருந்த பணம் அப்படியே நின்றுபோகும். பையனின் காலேஜ் பீஸ், சீட்டுப் பணம், மாமியாருக்குச் சுகர் மாத்திரை எல்லாம் அந்த வெட்டை நம்பி இருந்தவை. அரசு கொடுத்தது மரத்துக்கு 1,100 ரூபாய். அதில் 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அப்புறப்படுத்த.

வெளியூர்க்காரர்கள் புயல் வந்த வாரம்தான் மக்கள் மனசு மிகவும் நொறுங்கியிருக்கும் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அந்த வாரங்களில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய், ஜெனரேட்டர், கணக்கெடுப்பு, விழுந்த மரத்துக்குப் பெயிண்டில் எண் போடுவது என்று ஆளுக்கு ஒரு வேலை இருந்தது. அழுதால் சேர்ந்து அழப் பத்துப் பேர் இருந்தார்கள். கஷ்டம் பிறகுதான் தெரிந்தது. நிவாரண லாரிகள் வருவது நின்று, நட்ட கன்று இடுப்பளவு கூட வராமல் நிற்கையில், வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறிக்கொண்டிருந்த அந்த இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம். அப்போது எந்தக் குழுவும் ஊருக்குள் வரவில்லை.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரை அண்ணன் என்றுதான் சொல்வேன், உறவு முறையும் அதுதான். நாலு ஏக்கர் தோப்பு, புயலில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. முதல் வருடம் அவர்தான் தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் மனு எழுதிக்கொடுத்தார். பிறகு மெதுவாகக் கடைக்கு வருவது குறைந்தது. வந்தால் வண்டியை விட்டு இறங்காமல், வாங்க வேண்டியதை மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு போவார். ஒரு நாள் மத்தியானம், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் வந்து, பூச்சிமருந்து ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவருடைய தோப்பில் அப்போது அதற்கு வேலையே இல்லை.

“எந்தப் பயிருக்குண்ணே?” என்றேன்.

“சும்மாதான். வீட்ல கெடக்கட்டும்.”

“உள்ள வந்து உக்காருங்கண்ணே, டீ சொல்றேன். சரக்கு உள்ளாற இருக்கு, எடுத்தாரச் சொல்றேன்.”

ஸ்டூலில் உட்கார்ந்தவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “கண்ண மூடுனா மூடமாட்டேங்குது தம்பி. மூணு மணிக்கு முழிச்சுக்குறேன். தோப்புக்குப் போனா மரம் இருந்த எடமெல்லாம் வானமா தெரியுது,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் ஒருத்தன் இல்லேன்னா கடனெல்லாம் ஒரு முடிவுக்கு வந்துடும்ல?” என்றார்.

அந்த வார்த்தையைப் பேச்சோடு பேச்சாக விட்டுவிடக் கூடாது. “அண்ணே, நேராவே கேக்குறேன். செத்துப் போயிடலாம்னு தோணுதா உங்களுக்கு?” என்று கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். மனநல மருத்துவர்கள் சொல்வது அதற்கு நேர்மாறானது: வெளிப்படையாகக் கேட்டால் பாரம் இறங்குமே தவிர ஏறாது. அண்ணன் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. “தைரியமா இருங்க”, “உங்களவிட கஷ்டப்படுறவங்க எத்தனை பேரு இருக்காங்க” போன்ற பேச்சுகள் அந்த நேரத்தில் எதற்கும் உதவாது. நான் பெரும்பாலும் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தேன். அண்ணிக்குப் போன் போட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவர்கள் வந்து சேரும்வரை அவரைத் தனியாக விடவில்லை. அன்றைக்கு அவருக்குச் சரக்கும் கொடுக்கவில்லை.

அந்த எண்ணம் ஓர் அலைபோல வரும். பெரும்பாலும் அதன் உக்கிரம் சில மணி நேரம்தான், சிலருக்குச் சில நிமிடம். அந்த நேரத்தில் கை நீட்டும் தூரத்தில் விஷம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் ஒரு உயிர் தங்குகிறது. இதை விற்கிற நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? எங்கள் பக்கத்து வீடுகளில் மிச்சம் மீதி மருந்து பாத்திரப் பரணிலும் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் கிடக்கும். ஒரு ஏக்கருக்குத் தேவையானதை விட அதிகமாக வாங்கி, மீந்ததை அடுத்த போகத்துக்கு ஆகுமே என்று வைத்துக்கொள்வார்கள். இப்போது எங்கள் கடையில் அளவு கேட்டு, அந்த ஒரு முறை அடிப்பதற்குப் போதுமான சின்னப் பாட்டிலாகவே தருகிறோம். பெரிய பாட்டில்தான் மலிவு என்று வாதாடுவார்கள், விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது சின்னதைக் கொடுத்துவிடுவேன். பயிர் பெயர் சொல்லாதவருக்கும், குடித்துவிட்டு வருபவருக்கும், முன்பின் தெரியாத சின்னப் பையன்களுக்கும் விற்பதில்லை. கடைப் பையனிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம், தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சிநேகா அமைப்பு ஒரு ஏற்பாடு செய்து பார்த்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கு, அதில் வங்கி லாக்கர் மாதிரி ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டுப்பெட்டி. மருந்து வீட்டுக்குப் போகாது, அடிக்கிற அன்றைக்கு எடுத்து, மீந்ததைத் திரும்ப வைத்துவிட வேண்டும். அந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் ஆய்வு வெளியானது. ஆனால் இலங்கையில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தபோது, பெட்டியால் பலன் கிடைக்கவில்லை என்று 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: பெட்டி வீட்டுக்குள்ளேயே இருந்து, சாவியும் அவர் இடுப்பிலேயே இருந்தால் அது பெயருக்குத்தான் பூட்டு. எடுக்க வேண்டுமானால் இன்னொரு மனிதரைப் பார்த்தாக வேண்டும், அந்த மாதிரி இருக்க வேண்டும். எங்கள் ஊரில் சிலர் இப்போது போர் செட் கொட்டகையில் இரும்புப் பெட்டி வைத்து, சாவியைப் பக்கத்து வயல்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டில் தேடியபோது மூலைக்கு ஒன்றாகப் பழைய பாட்டில்கள் கிடைத்தன. மகனும் நானும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மருந்து விற்கிறவனாக இருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலங்கையில் தற்கொலை விகிதம் பெரிய அளவில் குறைந்ததற்குப் பெட்டியை விட முக்கியக் காரணம், 1995 தொடங்கி அதிக நச்சுள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததுதான். அங்கே விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை. நம் மாநிலத்திலும் ஆறு பூச்சிமருந்துகளுக்கு அரசு 60 நாள் தற்காலிகத் தடை போட்டது. அந்த நாட்களில் மாற்று மருந்தை வைத்து எங்கள் ஆட்கள் பயிரைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். நிரந்தரத் தடை வந்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

அண்ணனைத் தாலுகா அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருகிறார், என்றைக்கு என்று ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். காசு கிடையாது, மாத்திரையும் அங்கேயே தருகிறார்கள். “பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்ட்டயா கூட்டிப் போறீங்க?” என்று அண்ணிக்குத் தயக்கம். தூக்கம் வராததற்கும் நெஞ்சு படபடப்புக்கும் பார்க்கப் போகிறோம் என்றேன். அது பொய்யும் இல்லை, அவர் சொன்ன முதல் தொந்தரவே அதுதானே. நம் ஆட்கள் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். உடம்பு ஓய்ச்சலாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, தலை பாரம் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள், அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த மாத்திரை போட்ட மறுநாளே வேலை செய்யாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். இதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாலைந்து நாளில் “ஒண்ணும் கேக்கல, மயக்கமாத்தான் வருது” என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அண்ணி மாத்திரைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுத்தார். அண்ணியின் மாமியார், மனநலக் குறைவுக்கு வேண்டிக்கொள்கிற குணசீலம் கோயிலில் வேண்டுதல் இருக்கிறது, போய்த் தங்கிவிட்டு வரலாம் என்றார். போகட்டும் என்றோம், மாத்திரையையும் பையில் போட்டு அனுப்பினோம். சாமியா டாக்டரா என்று வீட்டுக்குள் சண்டை மூட்டினால், மாத்திரைதான் முதலில் நிற்கும்.

ஆனால் மாத்திரை வட்டியைக் கட்டாது. கடனைப் பற்றிப் பேசாமல் ஒரு விவசாயியின் மனசைத் தேற்றப் பார்ப்பது பாதி வேலைதான். கொஞ்சம் தெளிந்து சாப்பிடத் தொடங்கியதும், அண்ணன், அண்ணி, மகன், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நான் எல்லோரும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். நாலு கோடு போட்ட ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதினோம்: யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, கேட்டு வருகிறவர் எப்படிப் பேசுகிறார். அந்தக் கடைசிக் கட்டம்தான் விஷயத்தை விளங்கவைத்தது. வங்கியில் இருந்த நகைக்கடன்தான் தொகையில் பெரியது. ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்தது, அண்ணி பெயரில் வாங்கிய மகளிர் குழுக் கடனின் வாராந்திரத் தவணை. வசூலுக்கு வருகிற பையன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டும், அதனால் பக்கத்து வீட்டுப் பெண்களே அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டிருந்தார்கள். தொகையில் சின்னதாக இருந்தாலும் அந்தக் கடனைத்தான் முதலில் அடைத்தோம், ஒரு பசுவை விற்றும் மகனின் சம்பளத்தில் கொஞ்சம் போட்டும். அன்றைய ராத்திரி அவர் தூங்கினார் என்று அண்ணி மறுநாள் வந்து சொன்னார்.

மற்றவற்றில் சிலதுக்குத் தவணை மாற்றிக் கேட்டோம். கேட்டால் வங்கியில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, இயற்கைப் பேரிடர் அறிவித்த வட்டாரத்தில் விவசாயக் கடனைத் தள்ளிப்போட்டு மாற்றியமைக்க வழி இருக்கிறது. கடன் நிலுவைக்கு அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி எடுத்துக்கொள்ள விடுகிற சர்ஃபாசி சட்டத்தில், விவசாய நிலத்தை வங்கிகள் நேரடியாகக் கையகப்படுத்த முடியாது, அதில் விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. இது தெரியாமல், நாளைக்கே நிலம் போய்விடும் என்று பயந்து கிடக்கிறவர்களை நான் பார்க்கிறேன். கடன் கொடுத்தவர் வீடு தேடி வந்து மிரட்டினால், 2025-ல் நம் மாநிலத்தில் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்திருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

குத்தகைக்காரர்கள் நிலைமை இன்னும் கஷ்டம். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம், வாய் வார்த்தைக் குத்தகையும் ஏராளம். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதுகிற அடங்கல் கணக்கில் பெயர் ஏறவில்லை என்றால் கூட்டுறவுப் பயிர்க்கடன் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை, நிவாரணமும் நிலத்துக்காரருக்குப் போய்விடும். 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது, 16.43 லட்சம் பேருக்குப் பலன். உண்மையிலேயே பெரிய உதவி அது. ஆனால் கூட்டுறவில் கடன் வாங்கவே முடியாமல் வெளியில் மூணு வட்டி, அஞ்சு வட்டிக்கு வாங்கிய குத்தகைக்காரருக்கு அதில் ஒரு பைசாவும் சேரவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து டெல்டாவில் சம்பா காய்ந்தபோதும் முதலில் நொடித்தவர்கள் இவர்கள்தான். சாகுபடி தொடங்கும்போதே அடங்கலில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள் என்று, விதை வாங்க வரும்போதே நான் சொல்லிவிடுகிறேன். அதுவும் மனநல வேலைதான் என்று நம்புகிறேன்.

கூலி வேலை செய்கிறவர்களை நாம் விட்டுவிடுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், நாடு முழுவதும் வேளாண்மை சார்ந்து தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர். அதில் சாகுபடியாளர் 5,207, விவசாயக் கூலிகள் 6,083. தோப்பு விழுந்தபோது தோப்புக்காரருக்காவது மரத்துக்கு இவ்வளவு என்று கிடைத்தது. காய் பறிக்கிறவருக்கும், மட்டை உரிக்கிறவருக்கும், கீற்று பின்னுகிற அம்மாவுக்கும் வேலை போனதற்கு எந்தக் கணக்கும் இல்லை. பெண்கள் விஷயம் அதைவிட மோசம்: நாற்று நட்டுக் களை பறித்து, குடும்பக் கடனெல்லாம் தன் பெயரில் சுமந்தாலும், நிலம் அவர்கள் பெயரில் இல்லாததால் கணக்கில் இல்லத்தரசியாகிவிடுகிறார்கள். ஆண் படுத்தால் ஊரே விசாரிக்க வரும். பெண் படுத்தால் அடுப்படி வேலை நின்றபிறகுதான் தெரியும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: தண்ணீர் முறை வந்தும் மடை திருப்ப வராதது. காலையில் வயலை ஒரு சுற்றுச் சுற்றாதது. உழவு மாட்டையோ கறவை மாட்டையோ திடீரென்று குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது. எப்போதோ வாங்கிய சில்லறைக் கடனைத் தேடி வந்து கொடுப்பது. பத்திரம் எங்கே, எல்.ஐ.சி. நாமினி யார் என்று மனைவியிடம் காரணமில்லாமல் சொல்லி வைப்பது. காலையிலேயே டாஸ்மாக் பக்கம் போவது. இதில் ஒன்றைக் கண்டாலே போய்ப் பேச வேண்டும், பேசினால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கடன் கொடுத்த எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பாக்கியை டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்பதில்லை. கல்யாண வீட்டில், சம்பந்தி எதிரில் கேட்பதில்லை. மகளுக்குப் போன் போட்டு அப்பா பாக்கியைச் சொல்வதில்லை. கேட்க வேண்டியதைக் கடையில் உட்காரவைத்து, கணக்கை முழுவதும் காட்டி, எப்போது எவ்வளவு முடியும் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துத்தான் கேட்பேன். அதனால் வசூல் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பணத்துக்குப் பயப்படுகிறவர்களை விட அவமானத்துக்குப் பயப்படுகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

யாராவது விஷம் குடித்துவிட்டார் என்று தெரிந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அது மூச்சுக்குழலில் இறங்கினால் இன்னும் ஆபத்து. பாட்டிலையோ லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்கு உதவும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது உயிரைக் குடிக்கும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், வந்து விசாரிப்பார்கள், அவ்வளவுதான். பிழைத்து வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் “ஏன் இப்படிப் பண்ணுனீங்க?” என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்காதீர்கள். பம்ப் செட் ஓடுகிறதா, கன்று எத்தனை நின்றிருக்கிறது, வாருங்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிடுங்கள்.

ராத்திரியில் யாரிடமும் பேச முடியாமல் தவிக்கிறவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் சுகாதார உதவி எண் 104-ம் உண்டு. சிநேகாவின் எண் 044-24640050. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் அடித்து, மருந்து அலமாரிக்கு நேர் எதிரே கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்திலும் அச்சடித்திருக்கிறோம்.

மாதா மாதம் கலெக்டர் ஆபீஸில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எங்கள் பக்கத்து உரக்கடைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். கைத்தெளிப்பானும் தார்ப்பாயும் மண்வெட்டி, கடப்பாரையும் வேளாண்மைத் துறை மானியத்தில் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் பூட்டுப்பெட்டியையும் சேர்க்க வேண்டும், ஊருக்கு ஒரு பொதுக் கிடங்குக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்க வேண்டும். மனநல மருத்துவக் குழு தாலுகா மருத்துவமனையோடு நிற்காமல், பயிர்க்கடன் கொடுக்கிற நாட்களில் கூட்டுறவுச் சங்கத்துக்கும், அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்கும் வர வேண்டும். கணக்கு முடிகிற அந்த வாரங்களில்தான் எங்கள் கடைக்கு வருகிறவர்களின் முகம் மாறுகிறது. மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கும் போவோம், மற்ற ஒன்றியங்களில் உள்ள கடைக்காரர்களும் அவரவர் மாவட்டத்தில் இதே மனுவைக் கொடுத்தால் நல்லது.